முதல் தனி ஆல்பத்தில் நவீன ருஷ்யப் பியானோ இசை: படைப்புத் தேர்விலிருந்து வெளியீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2007-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் எலிசபெத் அரசி போட்டியில் முதற்பரிசு பெற்ற அன்னா வின்னிட்ஸ்கயா, தம் முதல் தனி ஆல்பத்திற்கு ரஹ்மானினவின் இரண்டாம் சோனாட்டா, குபைதுலினாவின் ‘ஷகோன்’, மெத்னரின் ‘சோனாட்டா ரெமினிசென்ஸா’, ப்ரோகோஃபியெவின் ஏழாம் சோனாட்டா ஆகிய நான்கு படைப்புகளைத் தேர்ந்துகொண்டார். ஷோபானும் பேத்தோவனும் இல்லாமல், இருபதாம் நூற்றாண்டு ருஷ்ய இசையை மட்டுமே நம்பி ஓர் இளம் கலைஞர் தம்மை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அதே வழியில் செல்ல விரும்பும் பியானோ கலைஞருக்கும், அவருக்குத் துணை நிற்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உதவும் வகையில், தொடக்கம் முதல் வெளியீடு வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இந்த இசையைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நவீன ருஷ்யப் பியானோ இசை என்றாலே ஓங்கி அடிப்பது, இரும்புபோல ஒலிப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். கச்சேரி மேடையில் அந்த எண்ணத்தோடு வாசித்துக் கைத்தட்டலும் வாங்கிவிடலாம். மைக்கின் முன் அது எடுபடாது. மைக்குக்குத் தோளின் வலிமை தெரிவதில்லை. ஓங்கி அடிக்கும் ஒலி பதிவில் தட்டையாக, கண்ணாடி உடைவதைப் போலத்தான் கேட்கிறது. பத்து வகை மெல்லொலி கைவசம் உள்ளவருக்கு மட்டுமே வல்லொலி வல்லொலியாகப் பதிவாகும். கீழே வரும் எல்லா யோசனைகளும், படைப்புகளை வரிசைப்படுத்துவது முதல் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் கடைசிக் கட்டம்) வரை, இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

படி 1: எல்லையை வரையறுத்தல்

‘நவீனம்’ எங்கே தொடங்குகிறது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். 1910-களில் ஸ்க்ரியாபின் எழுதிய கடைசிப் படைப்புகள் ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. ஐந்தாம் சோனாட்டாவுக்குப் பிறகு அவர் மேஜர், மைனர் என்ற பழைய ஸ்வர ஒழுங்கிலிருந்து மெல்ல மெல்ல விலகி, 1914-இல் எழுதிய ஓபஸ் 74 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) பிரெலூடுகளில் அதை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த ரோஸ்லாவெத்ஸ், மோஸொலவ், லூரியே ஆகியோரின் தலைமுறை 1920-களின் சோதனைக் காலத்தைச் சேர்ந்தது. அவர்களுடைய படைப்புகளில் சில தொலைந்தே போயின. மோஸொலவின் மூன்றாம் சோனாட்டா இன்று நம்மிடம் இல்லை. பிறகு ப்ரோகோஃபியெவும் ஷஸ்டகோவிச்சும் வருகிறார்கள். 1960-களுக்குப் பின் குபைதுலினா, ஷ்னிட்கே, டெனிசவ், ஷெட்ரின் ஆகியோரும், எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனித்து நின்ற உஸ்த்வோல்ஸ்கயாவும் இருக்கிறார்கள். கபூஸ்தின் இன்னொரு தனி உலகம். அவருடைய ஓபஸ் 40 கச்சேரி எட்யூடுகள் ஜாஸ் கலைஞர் மனோதர்மமாக வாசிப்பதைப் போலக் கேட்டாலும், ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் எழுதப்பட்டது. அவரை உஸ்த்வோல்ஸ்கயாவின் பக்கத்தில் வைத்தால் இருவரும் கெடுவார்கள் என்பது என் கருத்து.

‘ருஷ்ய’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. ப்ரோகோஃபியெவ் பிறந்த சொந்த்சொவ்காவும் கபூஸ்தின் பிறந்த ஹோர்லிவ்காவும் இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ளன. குபைதுலினா தாத்தார்ஸ்தானில், தாத்தார் தந்தைக்குப் பிறந்தவர். வைன்பெர்க் வார்சாவில் பிறந்து, நாஜிப் படையெடுப்பின்போது சோவியத் மண்ணுக்குத் தப்பி வந்தவர். கீவ் நகரத்து சில்வெஸ்த்ரவையோ எஸ்தோனியாவின் பெர்ட்டையோ ‘ருஷ்ய இசை’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்தால் அது வெறும் பிழையாகவே இருக்கும். 2022-க்குப் பிறகு அது புண்படுத்தும் பிழையும்கூட. ஆல்பத்தின் பெயரில் நாட்டைக் குறிப்பிடுவதைவிட ஆண்டுகளைக் குறிப்பிடுவது பல வேளைகளில் துல்லியமானது.

படி 2: படைப்புகளும் அவற்றின் வரிசையும்

குறுந்தட்டில் ஏறக்குறைய 80 நிமிட இசை கொள்ளும். கொள்ளும் என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. 55 முதல் 65 நிமிடம் வரை உள்ள ஆல்பத்தை ஒருவர் ஒரே மூச்சில் கேட்க முடியும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். ஸ்க்ரியாபினின் ஐந்து பிரெலூடுகள் சுமார் 7 நிமிடம். ப்ரோகோஃபியெவின் ஏழாம் சோனாட்டா 18. ஸ்திராவின்ஸ்கியின் ‘செரினாட் இன் ஏ’ 12. குபைதுலினாவின் ஷகோன் 9. உஸ்த்வோல்ஸ்கயாவின் ஆறாம் சோனாட்டா 7. லூரியேவின் ‘ஃபோர்ம்ஸ் ஆன் லேர்’ 8. மொத்தம் 61 நிமிடம். 1914 முதல் 1988 வரையிலான காலம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்த ஆறையும் எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் அடுக்குவது எளிது. ஆனால் அப்படி அடுக்கினால் ஆறாம் சோனாட்டா கடைசியில் வந்துவிடும். முன்கையால் கட்டைகளை மொத்தமாக அழுத்தி எழுப்பும் ஒலிக்கூட்டங்களாலான அந்தப் படைப்போடு ஆல்பத்தை முடித்தால், கேட்பவருக்கு மிஞ்சுவது காதடைப்பு மட்டுமே. அதனால் லூரியேவை அதற்குப் பின்னால் வைக்கலாம். பிக்காஸோவுக்குக் காணிக்கையாக 1915-இல் எழுதப்பட்ட அந்தச் சிறு படைப்பில், இசைத்தாளின் ஐந்து கோடுகளும் தொடர்ச்சியாக ஓடாமல், வெள்ளைத் தாளில் துண்டு துண்டாக மிதக்கின்றன. பேரொலிக்குப் பின் அந்த வெற்றிடம் வருவது நல்ல முடிவாக அமையும். இரண்டுக்கும் நடுவே பத்து விநாடி மௌனத்தை விடுங்கள். எந்தப் படைப்புக்கு அடுத்து எவ்வளவு மௌனம் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே குறித்து வைத்துவிட வேண்டும்.

அந்த வரிசையில் ஸ்திராவின்ஸ்கியைச் சேர்த்ததற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. 1925-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் ஏற்பட்டிருந்ததால், ‘செரினாடி’ன் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றும் அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும்படி, ஏறக்குறைய மூன்று நிமிடமாக அதை அவர் எழுதினார். ஒலிப்பதிவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த இசை அது. முதல் ஆல்பத்தில் அதற்கு இடம் கொடுப்பது பொருத்தம்தானே!

தேர்வில் இன்னொன்றையும் பாருங்கள். ஏழாம் சோனாட்டாவுக்குப் பியானோ கலைஞர் மவுரிட்ஸியோ பொலினி 1971-இல் மியூனிக்கில் செய்த பதிவு ஒன்றிருக்க, இன்னும் எத்தனையோ பதிவுகளும் இருக்க, இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். அந்த விடை வேகமாக இருக்க முடியாது. உங்களைவிட வேகமாக வாசிப்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார். ‘ஆந்தாந்தே கலோரோசோ’ என்ற நடுப்பகுதியின் கனிந்த முதல் பாட்டை எப்படிப் பாட வைக்கிறீர்கள் என்பது விடையாக இருக்கலாம். எல்லோரும் அறிந்த ஒரு பெரிய படைப்பு, அரிதாகவே கேட்கப்படும் இரண்டு படைப்புகள் என்ற விகிதம் முதல் ஆல்பத்துக்குப் பாதுகாப்பானது. ஷஸ்டகோவிச்சின் 24 பிரெலூடுகளையும் ஃபியூகுகளையும் முழுமையாகப் பதிவு செய்ய ஆசைப்படாதீர்கள். இரண்டரை மணி நேர இசை அது. மாறாக அவருடைய ‘அஃபோரிசங்கள்’ என்ற பத்துச் சிறு துண்டுகள், 1927-இல் இருபது வயதுக் குறும்போடு எழுதப்பட்டவை, இன்றைக்கும் போதிய அளவு பதிவாகவில்லை.

படி 3: பதிப்புரிமை

இதைப் பலரும் கடைசியில் நினைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது மாதத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இசையமைப்பாளர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. 1915-இல் மறைந்த ஸ்க்ரியாபினுக்குச் சிக்கல் இல்லை. 1953 மார்ச் 5 அன்று, ஸ்டாலின் இறந்த அதே நாளில், மறைந்த ப்ரோகோஃபியெவ் ஐரோப்பாவில் 2024 தொடக்கத்தில் பொதுவுடைமையானார். அமெரிக்காவிலோ வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று கணக்கிடுவதால் ஏழாம் சோனாட்டா இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஆறு படைப்புகளில் லூரியே, ஸ்திராவின்ஸ்கி, உஸ்த்வோல்ஸ்கயா, குபைதுலினா ஆகிய நால்வரின் படைப்புகளும் ஐரோப்பாவில் உரிமைக்குட்பட்டவை. குபைதுலினா 2025 மார்ச்சில் ஜெர்மனியில் காலமானார்; அவருடைய படைப்புகள் அங்கே 2095 இறுதி வரை பாதுகாக்கப்படும்.

அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவாகி வெளிவந்த ஒரு படைப்பை, எழுதியது எழுதியபடி வாசித்துப் பதிவு செய்வதற்கான உரிமக் கட்டணம் பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்ட ஒன்று. ஜெர்மனியில் கெமா போன்ற அமைப்புகள் அதை வசூலிக்கின்றன. நீங்களே ஒரு பாலே இசையைப் பியானோவுக்கு மாற்றி எழுதினால் நிலைமை வேறு. அதற்குப் பதிப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அது வந்துசேர மாதக்கணக்கில் ஆகலாம். தயாரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது உரிமக் கட்டணத்தை யார் கட்டுவது என்பது ஒரு தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: இசைத்தாளும் பழைய பதிவுகளும்

பதிவு செய்யப் போகும் படைப்புக்குக் குறைந்தது இரண்டு அச்சுப் பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது கடமை. கச்சேரியில் ஒரு தவறான ஸ்வரம் காற்றோடு போய்விடும்; ஆல்பத்தில் அது நிலைத்துவிடும். சோவியத் காலப் பதிப்புகளும் மேற்கத்தியப் பதிப்புகளும் ஷார்ப், ஃபிளாட் அடையாளங்களில் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. அந்த இடங்களில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தயாரிப்பாளரின் தாளிலும் முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். இல்லையென்றால் பதிவுக்கூடத்தில் ஒலிபெருக்கி வழியாக, “அங்கே ஒரு ஸ்வரம் தவறு” என்ற குரல் வரும், அரை மணி நேரம் வீணாகும். உஸ்த்வோல்ஸ்கயாவைப் பொறுத்தவரை, அடையாளங்களை அப்படியே நம்புங்கள். அவர் ஐந்து ‘எஃப்’ (ஓங்கி வாசிக்கச் சொல்லும் குறி) போட்டிருந்தால் மூன்று ‘எஃப்’பை விட அது வேறானது என்றே பொருள்.

இசையமைப்பாளர்களே வாசித்த பதிவுகள் பெரும் செல்வம். ஸ்க்ரியாபின் 1910-இல் வெல்ட்டே நிறுவனத்தின் தானியங்கிப் பியானோவுக்கான துளைத்தாள் சுருள்களில் பதிவு செய்தார். தாம் அச்சிட்ட தாளத்தை அவரே எவ்வளவு தாராளமாக வளைத்திருக்கிறார் என்பதை அவற்றில் கேட்கலாம். ப்ரோகோஃபியெவ் 1935-இல் தம் சிறு படைப்புகள் சிலவற்றை வாசித்த பதிவுகளைக் கேட்டால், ‘எஃகு விரல் கலைஞர்’ என்று பேசப்பட்டவர் எவ்வளவு மென்மையாக, பாடுவதுபோல வாசித்திருக்கிறார் என்று வியப்பீர்கள். நான் முதலில் சொன்ன கருத்துக்கு அவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஸ்க்ரியாபினின் மருமகனான பியானோ கலைஞர் விளாதிமிர் சஃப்ரொனீத்ஸ்கியையும் அவசியம் கேளுங்கள். பிறகு, பதிவு நாளுக்கு மூன்று மாதம் முன்னதாக, பிறர் பதிவுகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் அவர்களுடைய மூச்சு உங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும்.

படி 5: பியானோ, டியூனர், அரங்கம்

இந்த மூன்றையும் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடியாது. பெரும்பாலான பதிவுகளில் பயன்படுவது 274 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டைன்வே டி, யமஹா சி.எஃப்.எக்ஸ், ஃபட்ஸியோலி, பேஸன்டார்ஃபர் ஆகியவையும் உண்டு. பெயரைவிட முக்கியம், அந்தக் குறிப்பிட்ட பியானோவின் சுத்தியல்களின் நிலை. பல ஆண்டு கச்சேரிகளில் அடிபட்டு இறுகிப்போன கம்பளிச் சுத்தியல்கள், கொஞ்சம் ஓங்கினாலே உலோகமாகக் கத்தும். ப்ரோகோஃபியெவை அதில் பதிவு செய்தால் முதல் பக்கத்திலேயே ஒலியின் உச்சி வந்துவிடும், அதற்கு மேல் ஏற இடம் இருக்காது. நல்ல டியூனர் ஊசியால் கம்பளியைத் தளர்த்தி அதைப் பதப்படுத்துவார். அதற்கு அவருக்கு முழுதாக ஒரு நாளாவது வேண்டும். பதிவு தொடங்கும் நாள் காலையில் வந்து செய்யக்கூடிய வேலை அது இல்லை.

பியானோவைத் தேர்வு செய்யும்போது வேகமான பகுதிகளை வாசித்துப் பார்க்காதீர்கள். ஓபஸ் 74-இன் இரண்டாம் பிரெலூடை, ஒவ்வொரு கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அணையும் வரை காத்திருந்து, மிக மெதுவாக வாசியுங்கள். ஒலி சீராகத் தேய்கிறதா, நடுவில் ஒரு கம்பி மட்டும் அலைகிறதா, பெடலைப் பாதி தூக்கும்போது அணைப்பான்கள் (கம்பியின் ஒலியை நிறுத்தும் பட்டைகள்) ஒரே நேரத்தில் கம்பியைத் தொடுகின்றனவா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு பெடலை மட்டும் இருபது முறை மிதித்துக் காட்டச் சொல்லித் தள்ளி நின்று கேளுங்கள். பெடல் கிறீச்சிடுவதும் நாற்காலி முனகுவதும் மேடையில் யாருக்கும் கேட்காது, மைக்குக்குக் கேட்கும்.

பியானோவின் உள்ளே கைவைக்க வேண்டிய படைப்புகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. குபைதுலினாவின் 1965-ஆம் ஆண்டு சோனாட்டாவில், கம்பிகளை விரலால் மீட்டுவதும், நகத்தால் வருடுவதும், ஸ்ருதி முளைகளின் மேல் மூங்கில் குச்சியை ஓட்டுவதும் வருகின்றன. பியானோவின் உடைமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் இதைச் செய்யக் கூடாது. விரல் வியர்வை கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட வேண்டும். அடையாள ஒட்டுகளைக் கம்பியில் ஒட்டாமல் அணைப்பான்களின் மரத் தலையில் ஒட்டுங்கள். இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பங்கள் பியானோவுக்குப் பியானோ வேறு இடத்தில் இருப்பதால், வீட்டுப் பியானோவில் தடையில்லாமல் ஓடிய விரல் பதிவு அரங்கத்துப் பியானோவில் இரும்பில் முட்டலாம். முதல் நாளே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அரங்கத்தில் முதலில் தேட வேண்டியது அமைதி. எதிரொலியின் அழகு அடுத்தது. ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் உள்ள சென்டேஸால், ஒரு கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடமாக, எஃகுச் சுருள்வில்களின் மேல் நிற்கிறது. வெளியே செல்லும் வண்டிகளின் அதிர்வு உள்ளே வராது. பெர்லினின் டாலெம் பகுதியில் உள்ள ஏசு கிறிஸ்து தேவாலயமும், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பாட்டன் ஹாலும் பியானோ பதிவுக்குப் பெயர் பெற்றவை. இவற்றின் வாடகை கைக்கு எட்டாவிட்டால், நல்ல மரத்தரையும் உயரமான கூரையும் உள்ள ஒரு கல்லூரி அரங்கம் போதும். ஆனால் குளிரூட்டி, மின்விளக்கின் ரீங்காரம், பறவைகள், பக்கத்துத் தெரு ஆகியவற்றைப் பதிவு நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்க் கேளுங்கள். சென்னையைப் போன்ற கடற்கரை நகரில் இது இருமடங்கு சிக்கல். குளிரூட்டியை நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி அரை மணி நேரத்தில் ஸ்ருதி நகரத் தொடங்கும். நிறுத்தாவிட்டால் அதன் இரைச்சல் பதிவில் விழும். டேக்குகளுக்கு (ஒவ்வொரு முறையும் வாசித்து எடுக்கும் பதிவுகளுக்கு) இடையே மட்டும் அதை ஓடவிட்டு, ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைக்கப் பார்ப்பதே நடைமுறையில் உள்ள வழி.

படி 6: தயாரிப்பாளரும் மைக்குகளும்

செலவைக் குறைக்க வேண்டுமானால் அட்டைப்பட நிழற்படத்தில் குறையுங்கள், தயாரிப்பாளரில் குறைக்காதீர்கள். அவர் இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டேக்கிலும் எந்தப் பார் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளக் கட்டம்) சரியாக வந்தது, எது வரவில்லை என்று குறிப்பவர். இந்த வகை இசையை ஏற்கெனவே பதிவு செய்தவராக, நேரில் பேசும்போது உங்களுக்கு அச்சம் தராதவராக அவர் இருக்க வேண்டும். பதிவுக்கு முன் ஒருமுறை அவரை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.

மைக் வைப்பது ஒலிப்பொறியாளரின் வேலை என்றாலும் அடிப்படையை அறிந்திருப்பது நல்லது. எல்லாத் திசையிலும் கேட்கும் இரண்டு மைக்குகளை அரை மீட்டர் இடைவெளியில், பியானோவின் வளைவுக்கு எதிரே இரண்டு மீட்டர் அளவில் நிறுத்துவது பரவலான முறை. கிட்டே கொண்டுவந்தால் சுத்தியலின் தட்டல் தெரியும்; தள்ளி வைத்தால் அரங்கம் தெரியும். ஸ்க்ரியாபினுக்குத் தொலைவும் ஸ்திராவின்ஸ்கிக்கு நெருக்கமும் பொருந்தும் என்று தோன்றினாலும், படைப்புக்குப் படைப்பு மைக்கை நகர்த்தாதீர்கள். கேட்பவரின் நாற்காலியை யாரோ இழுப்பதுபோல இருக்கும். ஒலி அளவைச் சரிபார்க்கும்போது ஆறாம் சோனாட்டாவின் மிக ஓங்கிய இடத்தை உண்மையான வலுவோடு வாசித்துக் காட்டுங்கள். அதற்கு மேலும் 10 டெசிபல் இடம் விட்டுவைத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிவு செய்வது இன்றைய வழக்கம்.

படி 7: பதிவு நாட்கள்

ஒரு மணி நேர இசைக்கு மூன்று நாட்கள் தேவை. ஒரு நாளில் மூன்று மணி நேர அமர்வுகள் இரண்டு. ஓர் அமர்வில் பத்து முதல் பதினைந்து நிமிட இசை முடிந்தால் அது நல்ல வேகம். முதல் நாளின் முதல் மணி நேரம் ஒலியைத் தேடுவதிலேயே போய்விடும். அதை வீண் என்று எண்ணிப் பதற வேண்டாம்.

படைப்புகளைப் பதிவு செய்யும் வரிசைக்கும் ஆல்பத்தில் அவை வரும் வரிசைக்கும் தொடர்பு இல்லை. இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் உடல், மற்றொன்று பியானோவின் ஸ்ருதி. ஏழாம் சோனாட்டாவின் ‘ப்ரெசிபிதாதோ’ பகுதி வெறும் மூன்றரை நிமிடம்தான். ஆனால் ஏழு எட்டு (7/8) தாள அளவில், இடக்கையில் ஒரே மூன்று ஸ்வரங்கள் விடாமல் சுழல, இறுதிப் பக்கங்களில் இரு கைகளும் கட்டைப்பலகை முழுவதும் பாய வேண்டியிருப்பதால், ஒரு நாளில் நான்கு முழு டேக்குகளுக்கு மேல் எடுத்தால் முன்கை இறுகிவிடும். எனவே அதை இரண்டாம் நாள் காலை அமர்வின் நடுவில் வையுங்கள். அதற்குப் பின் உணவு இடைவேளை வந்தால், கலைந்த ஸ்ருதியை டியூனர் சேர்க்க நேரம் கிடைக்கும். உஸ்த்வோல்ஸ்கயாவைக் கடைசி நாளின் கடைசி அமர்வில் வைப்பதே நலம்; அதன் பிறகு பியானோவும் தாங்காது, நீங்களும் வேறெதையும் வாசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். மிக மெல்லிய படைப்புகளை வெளி உலகம் அடங்கிய மாலை அமர்வுக்கு வையுங்கள்.

ஒவ்வொரு படைப்பையும் முதலில் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு முறை நிறுத்தாமல் வாசியுங்கள். தவறு வந்தாலும் நிற்க வேண்டாம். பதிவின் உயிர் இந்த முழு டேக்குகளில்தான் இருக்கும். பின்னால் எடுக்கும் துண்டுகள் ஒட்டுப்போடத்தான். கேட்பறைக்குப் போய் முதல் டேக்கைக் கேட்கும்போது பெரும்பாலோர் இரண்டு விஷயங்களைக் கண்டு திடுக்கிடுவார்கள்: மெல்லொலி என்று தாம் நினைத்தது நடுத்தர ஒலியாக இருப்பதும், மௌனங்கள் பாதி நீளத்தில் வெட்டுப்பட்டிருப்பதும். இவற்றை அந்த நேரத்திலேயே திருத்த வேண்டும். எடிட்டிங்கில் திருத்த முடியாது.

துண்டு டேக் எடுக்கும்போது தவறு நடந்த பாரிலிருந்து தொடங்காதீர்கள். எட்டுப் பத்து பார்களுக்கு முன்பே தொடங்கி, தவறைத் தாண்டி இன்னும் சில பார்கள் வரை செல்லுங்கள். பெடலில் ஒலி குவிந்துகொண்டே வரும் ஸ்க்ரியாபினில் இது இன்றியமையாதது. அவருடைய ‘வேர் லா ஃப்ளாம்’ போன்ற ஒரு படைப்பு ஐந்து நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஏற்றமாக ஏறுகிறது. நடுவில் புதிதாகத் தொடங்கிய துண்டில் கம்பிகளில் தேங்கிய பழைய ஒலி இருக்காது, ஒட்டும் இடத்தில் விளக்கு மங்கி எரிவதுபோல ஒரு பள்ளம் விழும். ஒவ்வொரு பகுதியின் கடைசி ஸ்வரத்துக்குப் பிறகும் கையை அசைக்காமல், ஒலி முற்றிலும் அணையும் வரை மூச்சடக்கி உட்காருங்கள். இறுதியாக, யாரும் அசையாத அரங்கத்தின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படைப்புகளுக்கு இடையே சேர்க்க அது வேண்டியிருக்கும்.

படி 8: எடிட்டிங்கும் மாஸ்டரிங்கும்

தயாரிப்பாளர் அனுப்பும் முதல் எடிட்டை ஒரே நாளில் நல்ல ஒலிபெருக்கியிலும் ஹெட்ஃபோனிலும் கேளுங்கள். திருத்தங்களைப் பார் எண்ணோடு ஒரே பட்டியலாக எழுதி அனுப்புங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இரண்டு சுற்றுத் திருத்தம் மட்டுமே அடங்கும். ஒரு ஸ்வரம் சற்றே பிசகியிருந்தும் அந்த வரி உயிரோடு இருந்தால், விட்டுவிடுங்கள். மாஸ்டரிங்கில் ஒலி அளவை உயர்த்திச் சமன்படுத்தும் யோசனையை ஏற்காதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குத் தாமாகவே கொண்டுவந்துவிடுவதால், நசுக்கி உயர்த்தியதில் ஆதாயம் எதுவும் கிடைக்காது. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் நடுவே நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த தூரம் மட்டும் காணாமல் போகும்.

படி 9: கையேடும் வெளியீடும்

ஆல்பத்தோடு வரும் கையேட்டுக் கட்டுரையை முடிந்தால் நீங்களே எழுதுங்கள். 1943 ஜனவரியில் ஏழாம் சோனாட்டாவை மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேற்றிய பியானோ கலைஞர் ரிஹ்டர் அதை நான்கே நாட்களில் கற்றுக்கொண்டார் என்ற செய்தியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நடுப்பகுதியில் உங்கள் கை எதைத் தேடியது என்பதை வேறு யாரும் எழுத முடியாது.

ருஷ்யப் பெயர்களை லத்தீன் எழுத்தில் எழுதுவதில் பல மரபுகள் இருப்பதால், ஒரே இசையமைப்பாளரின் பெயர் தளங்களில் மூன்று விதமாகப் பதிவாகித் தேடலில் சிதறிப்போவது உண்டு. தளத்தில் ஏற்கெனவே நிலைத்திருக்கும் எழுத்துக்கோவையைப் பார்த்து அதையே பின்பற்றுங்கள். ஓபஸ் எண், பகுதியின் பெயர் ஆகியவற்றை எல்லாத் தடங்களிலும் ஒரே முறையில் எழுதுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்துக் குறியீடு வேண்டும். குறும்படைப்புகளைத் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும்போது ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம்: ஸ்பாட்டிஃபையில் ஒரு தடம் 30 விநாடி ஒலித்தால்தான் கேட்டதாகக் கணக்கு, 2024 முதல் ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத தடத்துக்கு அங்கே தொகை கிடைப்பதில்லை. நவீனப் பியானோ இசையில் பல தடங்கள் அந்த எல்லையைத் தொடாது என்பதை மனத்தில் கொண்டே செலவுக் கணக்கைப் போட வேண்டும். சிறு நிறுவனங்கள் பல, பதிவுச் செலவின் ஒரு பங்கையோ முழுவதையுமோ கலைஞரிடமே கேட்கின்றன. அப்படிக் கொடுப்பதானால் மூலப்பதிவின் உரிமை உங்களிடமே இருந்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நிறுவனத்துக்கு உரிமம் தரும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள்.

ஆல்பம் வெளியானதும் பயன்படாத டேக்குகள் உட்பட எல்லா மூலக் கோப்புகளையும், தயாரிப்பாளர் பென்சிலால் குறித்த இசைத்தாளின் நகலையும் வாங்கி, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். உயர்தர மறுவெளியீட்டுக்கோ வானொலிக்கென ஒரு பகுதியைத் தனியே வெட்டித் தருவதற்கோ அவை கேட்கப்படும்போது, பதிவுக்கூடத்தில் அவை இன்னும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.